எட்வின் ஹாட்டன்வில் ரிச்சர்ட்சன்

எட்வின் ஹாட்டன்வில் ரிச்சர்ட்சன் (1863 - 1948) பிரித்தானியப் படைத்துறை அதிகாரியும் நாய்ப் பயிற்சியாளரும் நூலாசிரியரும் ஆவார். போர்க்களத்தில் காயமுற்று, மீட்போர் கண்ணில் படாமல் கிடப்பவர்களைத் தேடிக் கண்டுபிடிக்கவும், அவர்களுக்கு முதலுதவிப் பொருட்களைக் கொண்டு சேர்க்கவும் நாய்களைப் பயிற்றுவித்த முன்னோடிகளுள் இவர் ஒருவர். முதலாம் உலகப் போரின்போது பிரித்தானியப் படைக்கென முதல் போர்நாய்ப் பயிற்சிப் பள்ளியை நிறுவி நடத்தினார். இன்று நிலநடுக்கம், கட்டட இடிபாடு, நிலச்சரிவு ஆகியவற்றில் தேடுதலுக்குப் பயன்படும் நாய்களின் வரலாற்றைப் பேசுவோர் இவருடைய பணியையும் சேர்த்தே பேசுவர்.

பின்னணி

ஆபத்தில் சிக்கியவருக்கு நாய் உதவிப் பொருள் கொண்டு செல்வதென்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது, கழுத்தில் சிறு மதுப் பீப்பாயுடன் பனிமலையில் நடக்கும் செயின்ட் பெர்னார்டு நாயின் படமாகும். சுவிட்சர்லாந்து - இத்தாலி எல்லையிலுள்ள பெரிய செயின்ட் பெர்னார்டு கணவாயில் துறவிகள் வளர்த்த இந்நாய்கள், பனியில் புதைந்த வழிப்போக்கர்களை மீட்டது உண்மையே. அவற்றுள் பாரி என்ற நாய் (1800 - 1814) நாற்பதுக்கும் மேற்பட்டோரைக் காப்பாற்றியதாகக் கூறப்படுகிறது. அதன் பதப்படுத்தப்பட்ட உடல் பெர்ன் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. ஆனால் பீப்பாய் மட்டும் ஓவியரின் கற்பனை. ஆங்கில ஓவியர் எட்வின் லேண்ட்சீர் 1820இல் வரைந்த ஓவியம் ஒன்றிலிருந்து அது பரவியது. குளிரில் விறைத்தவருக்கு மது கொடுத்தால் உடல் வெப்பம் மேலும் குறையும் என்பதால், அப்படியொரு பீப்பாய் இருந்திருந்தாலும் அதனால் தீமையே விளைந்திருக்கும்.

போர்க்களத்தில் இத்தகைய பணிக்கு நாயை முறையாகப் பழக்கும் முயற்சி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் செருமனியில் தொடங்கியது. விலங்குகளை வரைவதில் பெயர்பெற்ற ஓவியரான ஜான் புங்கார்ட்ஸ் என்பவர் 1893இல் இதற்கென ஒரு சங்கத்தைத் தோற்றுவித்தார். ஓவியர் ஒருவரால் தோன்றிய கட்டுக்கதையை அடுத்து, உண்மையான முயற்சியும் ஓர் ஓவியராலேயே தொடங்கியது தற்செயலானதே.

தொடக்க காலம்

ரிச்சர்ட்சன் படையில் பணியாற்றிப் பின் விலகி, ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் நிலமும் கால்நடையுமாக வாழ்ந்துவந்தார். 1895ஆம் ஆண்டில் அங்குள்ள மேய்ச்சல் நிலமொன்றில், வெளிநாட்டவர் ஒருவர் ஆட்டிடையரிடம் கோலி இன நாயை விலைக்கு வாங்குவதைக் கண்டார். விசாரித்தபோது, அவர் செருமானியப் படைக்காக நாய்களைப் பெருமளவில் வாங்க அனுப்பப்பட்டவர் என்பது தெரியவந்தது. பிரித்தானியாவில் ஆடு மேய்க்கும் நாயை வேறொரு நாடு போர்ப்பணிக்குத் தேடி வருகையில், அதன் சொந்த நாட்டுப் படையில் ஒரு நாய்கூட இல்லை என்பது அவரை உறுத்தியது. அவரும் அவருடைய மனைவியும் தங்கள் செலவிலேயே நாய்களை வளர்த்துப் பழக்கத் தொடங்கினர். ஐரோப்பிய நாடுகளுக்குச் சென்று அங்கு நடந்துவந்த சோதனைகளையும் ரிச்சர்ட்சன் நேரில் பார்த்துவந்தார்.

காயமுற்றோரைத் தேடும் நாய்கள்

ரிச்சர்ட்சன் முதலில் கவனம் செலுத்தியது செஞ்சிலுவைப் பணிக்கான நாய்களிலேயே. போர் நடந்த அன்றிரவு, புதர்களிலும் பள்ளங்களிலும் கிடக்கும் காயமுற்றோரைத் தூக்குப்படுக்கை ஏந்துவோர் இருட்டில் தேடுவது எளிதன்று. விளக்கேற்றினால் எதிரி சுடுவான். கிடப்பவரோ குரல் கொடுக்க இயலாத நிலையில் இருக்கக்கூடும். ஆகவே மோப்பத்தால் தேடும் நாயின் முதுகில் செஞ்சிலுவைக் குறியிட்ட சேணப்பையைக் கட்டி, அதில் கட்டுத்துணியும் குடிப்பதற்கான பானமும் வைத்து அனுப்பினர். நினைவுள்ள வீரர் அவற்றை எடுத்துத் தம் காயத்தைத் தாமே கட்டிக்கொள்ளலாம். மற்றவர் வந்து சேரும்வரை உயிரைப் பிடித்து வைத்திருக்க அது உதவும்.

இதில் பொருளைச் சுமப்பது நாய்க்குப் பெரிய வேலையன்று. கண்டுபிடித்த செய்தியைத் தன் காப்பாளருக்கு எவ்வாறு தெரிவிப்பது என்பதே பயிற்சியாளர்கள் பல்லாண்டு போராடிய சிக்கலாகும். பையிலுள்ள ஒரு குவளை நீரும் ஒரு சுருள் துணியும் சில மணி நேரத்துக்கே போதும். நாய் திரும்பிச் சென்று ஆளை அழைத்து வராவிடில் அந்த உதவி வீணாகிவிடும். குரைக்கப் பழக்கினால் எதிரியின் துப்பாக்கி அத்திசையில் திரும்பும். எனவே காயமுற்றவரின் தொப்பியைக் கவ்விக்கொண்டு வரப் பழக்கினர். தொப்பி இல்லாத இடத்தில் நாய் ஆடையையும், சில நேரங்களில் காயக்கட்டையும் பிடித்து இழுத்தது. இதற்கு மாற்றாகச் செருமானியர் கண்டது ஓர் எளிய வழி. நாயின் கழுத்துப்பட்டையில் ஒரு குட்டை வாரைத் தொங்கவிட்டனர். ஆளைக் கண்டால் அந்த வாரைத் தன் வாயில் கவ்விக்கொண்டு நாய் திரும்பும். காணாவிடில் வாயில் எதுவும் இராது. வாரைப் பார்த்த காப்பாளர் நாயைப் பின்தொடர்ந்து செல்வார். பிரிங்செல் எனப்படும் இந்த முறை தேடுதல் நாய்களுக்கு இன்றும் சில நாடுகளில் கற்பிக்கப்படுகிறது.

இறந்தவரை விட்டுவிட்டு உயிருள்ளவரிடம் மட்டும் நிற்பதும் பயிற்சியின் ஒரு பகுதியாக இருந்தது.

ரஷ்ய - ஜப்பானியப் போர்

1904இல் ரஷ்யாவுக்கும் ஜப்பானுக்கும் இடையே போர் மூண்டபோது, இலண்டனிலிருந்த ரஷ்யத் தூதரகம் ரிச்சர்ட்சனிடம் இத்தகைய நாய்களைக் கேட்டது. அவர் ஏர்டேல் டெரியர் இன நாய்களை அனுப்பினார். ஈரத்தையும் குளிரையும் தாங்கும் சொரசொரப்பான மயிரும் துணிவும் இவ்வினத்திற்கு உண்டு என்பது அவர் கருத்து.

போர் நடந்த மஞ்சூரியாவில் பரந்த சோள வயல்கள் இருந்தன. அங்கு கவோலியாங் எனப்படும் சோளம் குதிரைமேல் இருப்பவரையும் மறைக்குமளவு வளரும். விருதுநகர் மாவட்டத்தில் அருப்புக்கோட்டை, எம்.ரெட்டியபட்டி, திருச்சுழிப் பகுதி மானாவாரி நிலங்களில் கதிர் வாங்கி நிற்கும் நாட்டுச் சோளக்காட்டைப் பார்த்தவர்கள், அதற்குள் ஆடு புகுந்தாலே தேடுவது எவ்வளவு கடினம் என்பதை அறிவர். மஞ்சூரியாவில் அத்தகைய வயல்கள் பல கல் தொலைவுக்கு விரிந்து கிடந்தன. அவற்றுள் வீழ்ந்தவர்களை ஆட்கள் வரிசையாகச் சென்று தேடியும் காண இயலவில்லை. ஏழு நாய்களைக் கொண்ட ஒரு குழு அவ்வயல்களில் தவறிப்போனவர்களைக் கண்டுபிடித்ததில் வேறெந்த முறையையும் விஞ்சியது என அங்கிருந்த ரஷ்ய அதிகாரி பெர்சித்ஸ்கி என்பவர் தெரிவித்தார். ரஷ்யச் செஞ்சிலுவைச் சங்கத்தின் புரவலராக விளங்கிய தாய்ப்பேரரசி மரியா, ரிச்சர்ட்சனுக்குப் பரிசளித்துச் சிறப்பித்தார். இவர் அப்போதைய பிரித்தானிய அரசி அலெக்சாண்டிராவின் உடன்பிறந்தவர். எனினும் தமக்கைக்குப் பேரரசியாக வாய்த்த தங்கையின் நாட்டில் கிடைத்த மதிப்பு, ரிச்சர்ட்சனுக்குத் தம் நாட்டுப் போர்த்துறையில் அப்போது கிடைக்கவில்லை.

இந்தியத் தொடர்பு

ரிச்சர்ட்சன் பழக்கிய நாய்கள் இந்தியாவுக்கும் வந்தன. 1911 மார்ச்சில், இன்றைய அருணாசலப் பிரதேசத்தின் சியாங் பகுதியில் நோயல் வில்லியம்சன் என்ற பிரித்தானிய அதிகாரி கொல்லப்பட்டார். அதற்குப் பழிவாங்க அவ்வாண்டின் இறுதியில் ஆங்கில அரசு ஒரு படையெடுப்பை நடத்தியது. அங்கு வாழும் ஆதி மக்களை ஆங்கிலேயர் அபோர் என அழைத்ததால் இது அபோர் படையெடுப்பு எனப்படுகிறது. இதில் கூர்க்காப் படையினருடன் ரிச்சர்ட்சனின் காவல் நாய் சென்றது. அடர்ந்த காட்டில் மறைந்திருப்போரை முன்கூட்டியே உணர்த்துவது அதன் வேலை. காயமுற்றவனைத் தேடும் அதே மூக்கு, தன் மலையைக் காக்க மறைந்திருப்பவனையும் காட்டிக்கொடுக்கும் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. ரிச்சர்ட்சனின் நூல்களில் இந்த முரண் பற்றிய கவலை எதுவும் தென்படவில்லை. பேரரசின் நலனும் நாயின் பெருமையும் அவருக்கு ஒன்றாகவே தோன்றின எனலாம்.

முதலாம் உலகப் போர்

1914 ஆகஸ்டில் போர் தொடங்கியபோது பிரித்தானியப் படையில் இருந்தது ஒரேயொரு நாய். நார்ஃபோக் படைப்பிரிவில் காவலுக்கிருந்த அந்த ஏர்டேல் நாயும் பிரான்சின் ஏன் ஆற்றங்கரையில் பீரங்கிக் குண்டுக்கு இரையானது. ரிச்சர்ட்சன் செஞ்சிலுவைப் பணிக்காக நாய்களுடன் பெல்ஜியம் சென்றார். செருமானியப் படைகளின் விரைவான முன்னேற்றத்தால் அப்பணி அங்கு நிலைபெறவில்லை.

அதன்பின் போரின் தன்மையே மாறிவிட்டது. இரு தரப்பினரும் அகழிகளில் பதுங்கினர். இடைப்பட்ட நிலத்தில் அசைவது எதுவாயினும் சுடப்பட்டது. பிரெஞ்சுப் படையிடம் போரின் தொடக்கத்தில் காயமுற்றோரைத் தேடும் நாய்கள் இருந்தன. செஞ்சிலுவைக் குறியைப் பொருட்படுத்தாமல் நாயும் காப்பாளரும் சேர்ந்தே கொல்லப்பட்டதால் விரைவிலேயே அவை விலக்கப்பட்டன. படைகள் திறந்த வெளியில் நகர்ந்துகொண்டிருந்த கிழக்குப் போர்முனையில் செருமானியர் அவற்றைத் தொடர்ந்து பயன்படுத்தி நல்ல பயன் கண்டனர். இருபது ஆண்டுகளாகத் தாம் உழைத்த முறை மேற்கு முனையில் பயன்படாது என்பதை ரிச்சர்ட்சன் ஏற்றுக்கொண்டு, அதைத் தம் நூலிலும் மறைக்காமல் பதிவு செய்துள்ளார். தம் கண்டுபிடிப்பைக் கடைசிவரை தூக்கிப் பிடிக்கும் பலரிடம் இந்த நேர்மையைக் காண்பது அரிது.

இக்காலத்தில் நாய்கள் பொருள் சுமக்கும் பணியையும் செய்தன. 1915இல் பிரெஞ்சுப் படை அலாஸ்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் நானூறுக்கு மேற்பட்ட சறுக்குவண்டி நாய்களைக் கப்பலில் கொண்டுவந்தது. வோஷ் மலைத்தொடரில் பனியால் வழியடைபட்ட காவல்நிலைகளுக்கு உணவும் வெடிபொருளும் ஏற்றிச்செல்ல அவை பயன்பட்டன. காயமுற்றோரை இறக்கிக் கொண்டுவரவும் உதவின.

செய்தி நாய்கள்

1916ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் வின்டர் என்ற பீரங்கிப் படை அதிகாரி ரிச்சர்ட்சனுக்கு எழுதினார். குண்டுவீச்சில் தொலைபேசிக் கம்பிகள் அறுந்துவிடுவதால், முன்னணிக் காவல் நிலையங்களிலிருந்து பீரங்கித் தளத்துக்குச் செய்தி கொண்டுவர நாய்கள் வேண்டும் என்பது அவருடைய தேவை. ரிச்சர்ட்சன் வுல்ஃப், பிரின்ஸ் என்ற இரு ஏர்டேல் நாய்களைப் பழக்கினார். அவை 1916 டிசம்பர் 31ஆம் நாள் பிரான்சுக்குப் புறப்பட்டன. புகைமூட்டத்தின் ஊடே பல ஆயிரம் அடி தொலைவிலிருந்து அவை செய்தி கொணர்ந்ததைக் கண்ட பின்னரே போர்த்துறை விழித்துக்கொண்டது. 1917இல் எசெக்ஸ் மாகாணத்தின் ஷூபரினெஸ் என்ற கடலோர ஊரில் போர்நாய்ப் பள்ளியைத் தொடங்க ரிச்சர்ட்சனுக்கு ஆணை வந்தது. பீரங்கிகளைச் சோதித்துப் பார்க்கும் இடம் அவ்வூர். நாய்களை வெடிச்சத்தத்துக்குப் பழக்க அது வசதியாக இருந்தது. பின்னர் பள்ளி நியூ ஃபாரஸ்ட் காட்டுப் பகுதிக்கு மாற்றப்பட்டது.

பள்ளிக்கு நாய்கள் கிடைத்த விதம் குறிப்பிடத்தக்கது. இலண்டனில் பேட்டர்சீ பகுதியிலுள்ள நாய்கள் காப்பகத்திலிருந்து, உரிமையாளர் இல்லாத தெருநாய்கள் முதலில் பெறப்பட்டன. அவை போதாமல் பிற நகரக் காப்பகங்களையும் காவல்துறையையும் நாடினர். அதுவும் போதாதபோது பொதுமக்களிடம் வேண்டுகோள் விடுக்கப்பட்டது. உணவுப் பங்கீட்டால் வளர்ப்பு நாய்க்கு இரை போட இயலாத வீட்டாரும், கணவனையும் மகனையும் போருக்கு அனுப்பிய பெண்களும் தங்கள் நாய்களைக் கொடுத்தனர்.

பயிற்சி ஏறத்தாழ ஐந்து முதல் ஆறு வாரங்கள் நடந்தது. காப்பாளர் ஒருவருக்கு மூன்று நாய்கள். ஆட்டிடையர்களும், வேட்டைக்காடுகளில் காவல் பணியாற்றியவர்களும் காப்பாளர்களாக விரும்பி ஏற்கப்பட்டனர். நாயை அடிப்பது அறவே கூடாது என்பது ரிச்சர்ட்சனின் முதல் விதி. தவறு செய்த நாயைத் தொடக்க இடத்துக்கு மீண்டும் அழைத்துச் சென்று விடுவர். சரியாக ஓடிவந்த நாய்க்கு இரையும் தட்டிக்கொடுத்தலும் கிடைக்கும். வேலிகள், நீர் நிறைந்த பள்ளங்கள், புகை, துப்பாக்கி வெடிக்கும் ஆட்களின் வரிசை என அது தாண்ட வேண்டியவை நாளுக்கு நாள் கூடும். காப்பாளரைத் தவிர வேறு எவரும் அந்த நாய்களுக்கு உணவு கொடுக்கவோ கொஞ்சவோ தடை இருந்தது. போர்முனையிலும் இத்தடை நீடித்தது.

இதன் காரணம் செய்தி நாயின் செயல்முறையிலேயே உள்ளது. காப்பாளர் பின்னால் பாதுகாப்பான இடத்தில் இருப்பார். வேறொரு வீரர் நாயை முன்னணி அகழிக்கு அழைத்துச் செல்வார். செய்தியைக் கழுத்துப்பட்டையிலுள்ள சிறு தகரக் குழலில் இட்டு அவிழ்த்துவிட்டால், நாய் தன் காப்பாளரை நோக்கி ஓடும். அது ஓடுவது அன்பினாலும் பசியினாலும் மட்டுமே. முன்னணி வீரர்கள் இரக்கப்பட்டு ஒரு துண்டு இறைச்சி கொடுத்துவிட்டால், திரும்பிச் செல்லும் வேட்கை குறைந்துவிடும். சூழப்பட்டு, கம்பி அறுந்து, தங்கள் நிலையைத் தெரிவிக்க வழியற்றிருந்த குழுக்களுக்கு அந்த ஓட்டமே கடைசித் துணையாக இருந்தது. ஆளோட்டக்காரரைவிட விரைவாகவும், குண்டுக்குச் சிறிய இலக்காகவும் நாய் இருந்ததால் மனித உயிர்கள் மிஞ்சின. நாய்களின் உயிர்கள் பல மிஞ்சவில்லை.

நாய் இனங்களைப் பற்றி ரிச்சர்ட்சனுக்குத் திட்டமான கருத்துகள் இருந்தன. கோலி, ஆட்டுநாய், ஏர்டேல், வேட்டைக்காரர் வளர்க்கும் லர்ச்சர் என்னும் கலப்பின நாய் ஆகியவை சிறந்தவை என்றார். நரி வேட்டை டெரியர்களை விளையாட்டுப் புத்தி கொண்டவை என ஒதுக்கினார். வாலை முதுகின்மேல் சுருட்டி உயர்த்திக்கொண்டு திரியும் நாய் பெரும்பாலும் பணிக்கு உதவாது என்பதும் அவர் கருத்துகளுள் ஒன்று. இந்திய நாட்டு நாய்களில் பெரும்பாலானவற்றின் வால் சுருண்டே இருப்பதால், இக்கருத்தை நம் நாட்டில் ஏற்போர் அதிகம் இருக்க மாட்டார்கள்.

நூல்களும் இறுதிக் காலமும்

போருக்குப் பின் லெப்டினன்ட் கர்னல் என அறியப்பட்ட ரிச்சர்ட்சன், காவல்துறைக்கும் தனியாருக்கும் நாய்களைப் பழக்கிக் கொடுப்பதைத் தொடர்ந்தார். காணாமற்போனவர்களைத் தேட பிளட்ஹவுண்ட் நாய்களைப் பயன்படுத்தினார். 1910இல் போர், காவல், காவல்துறை நாய்களைப் பற்றிய முதல் நூலை வெளியிட்டிருந்தார். பிரித்தானியப் போர்நாய்களின் பயிற்சியையும் உளவியலையும் பற்றிய நூல் 1920இல் வெளிவந்தது. இதுவே இவருடைய நூல்களுள் அதிகம் படிக்கப்பட்டது. நாய்களுடன் கழித்த நாற்பது ஆண்டுகளைப் பற்றிய நினைவு நூலும் உண்டு. அமைதிக்காலம் வந்ததும் படை தன் நாய்ப் பள்ளியை மூடிவிட்டது. இரண்டாம் உலகப் போர் வந்தபோது இப்பணியை ஏறக்குறைய மீண்டும் தொடங்க வேண்டியதாயிற்று.

அப்போரின் இறுதி ஆண்டுகளில் இலண்டன் மீது செருமானிய ஏவுகணைகள் விழுந்தபோது, மார்கரெட் கிரிஃபின் என்ற பயிற்சியாளர் தம் அல்சேஷன் நாய்களைக் கொண்டு வீட்டு இடிபாடுகளில் புதைந்தவர்களைத் தேடினார். இர்மா, ஜெட் என்ற இரு நாய்களுக்கு 1945 ஜனவரியில் டிக்கின் பதக்கம் வழங்கப்பட்டது. தேடும் நாய் போர்க்களத்தைவிட்டு நகரத்து இடிபாட்டுக்கு வந்து சேர்ந்ததை ரிச்சர்ட்சன் தம் வாழ்நாளிலேயே பார்த்தார். 1948இல் அவர் காலமானார்.

பிற்கால வளர்ச்சி

இடிபாட்டில் தேடும் நாய்க்குப் பெரும்பாலும் சேணப்பை கட்டுவதில்லை. கழுத்துப்பட்டையைக்கூடக் கழற்றிவிடுவது பல நாடுகளில் வழக்கம். உடைந்த கம்பியிலோ கற்காரைத் துண்டிலோ பட்டை மாட்டிக்கொண்டால், மீட்கப் போன நாயே சிக்கிக்கொள்ளும் என்பதே காரணம். ரிச்சர்ட்சனின் பை திறந்த வயலுக்குப் பொருந்தியது. சரிந்த கட்டடத்துக்கு அப்படியே பொருந்தாது. ஆயினும் ஆள் நுழைய முடியாத இடுக்கில் நாய் நுழைந்துவிடுகையில், நீரோ பேசும் கருவியோ கையோடு அனுப்ப இயலவில்லையே என்ற ஏக்கம் மீட்புப் பணியாளரிடையே தொடர்ந்து இருந்துவருகிறது. டொராண்டோ நகரில் ரயர்சன் என்ற பெயரிலிருந்த பல்கலைக்கழகத்தின் (2022 முதல் டொராண்டோ மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழகம்) ஆய்வாளர்கள், நாயின் உடலில் படக்கருவி பொருத்துவதையும், சிக்கியவரை நாய் கண்டுபிடித்ததும் அது சுமந்துவந்த சிறு எந்திரனை அவர் அருகில் விழச் செய்வதையும் சோதித்தனர். ஜப்பானின் தொஹோகு பல்கலைக்கழகமும் படக்கருவியும் இடங்காட்டியும் கொண்ட நாய் அங்கியை உருவாக்கியது.

தமிழ்நாட்டில் காவல்துறையின் நாய்ப் பிரிவு 1951இல் சென்னையில் தொடங்கப்பட்டது. பேரிடர் மீட்புக்கான தேசியப் படையின் நான்காம் பிரிவு அரக்கோணத்தில் உள்ளது. விருதுநகர் மாவட்டத்துக்கே உரிய ராஜபாளையம் நாய், 2005இல் இந்திய அஞ்சல் துறையின் தபால்தலையில் இடம்பெற்றது. அது கண்ணால் பார்த்துத் துரத்தும் வேட்டைநாய் என்பதால், மோப்பத்தை நம்பிய இடிபாட்டுத் தேடலில் லாப்ரடார் போன்ற இனங்களே மிகுதியாகப் பயன்படுகின்றன.

2023 பிப்ரவரி 6ஆம் நாள் துருக்கியில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது, தேசியப் பேரிடர் மீட்புப் படையினருடன் ஜூலி, ரோமியோ என்ற இரு லாப்ரடார் நாய்கள் சென்றன. நூர்தாகி என்ற இடத்தில் ஓர் இடிபாட்டின்மேல் நின்று ஜூலி குரைத்தது. அதை உறுதிசெய்ய ரோமியோவையும் அங்கு விட்டனர், அதுவும் குரைத்தது. தோண்டியபோது ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி உயிருடன் மீட்கப்பட்டாள்.